இல்லாத கால்வாய்

நாலு மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வரும். இப்போது மணி பதினொன்றே கால். பைப்பக்கா ஆறாவது மாடியில், வெளியிலிருந்து பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

லாரி விஷயத்தை அவளிடம் யாரும் வந்து சொல்லவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று காலையிலிருந்து மூன்று தடவை தெருவைச் சுற்றிவிட்டது. கடைவீதியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வரப்போகிறது, அதற்காகத் தரைக்கு அடியில் இருக்கும் பழைய, கைவிடப்பட்ட வடிகாலில் கான்கிரீட் கலவை ஊற்றி நிரப்பப் போகிறார்கள், பொதுமக்கள் மாற்றுப் பாதையில் போகவும் என்று ஒரு பெண் குரல் தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டே போனது.

கைவிடப்பட்ட வடிகால். மூன்று தடவையும் பைப்பக்கா ஜன்னலில் நின்று கேட்டாள். அது கைவிடப்பட்டதே இல்லை. ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் முழுவதும் ஆற்றுக்குப் போக இந்த நகரத்தில் இருக்கும் ஒரே வழி அதுதான். இது கோடை. உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது, அதனால் செத்துப் போனது மாதிரி கிடக்கிறது. இன்னும் ஐந்து வாரத்தில் மழை. அதன் தொண்டையை இன்றைக்கு அடைத்துவிட்டால், மழைக்காலத்தில் ஏரி நேராகக் கடைவீதிக்குள் நடந்து வரும். அங்கிருந்து பள்ளத்தெருக்களுக்கு இறங்கும். கூரை வரைக்கும் ஏறும்.

இது இந்த ஊரில் உயிரோடு இருக்கும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் பூட்டிய வீட்டுக்குள் இருந்தாள்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் நகராட்சித் தலைவர். தெற்கில் இருந்த ஊர்களிலேயே வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்த ஊர் இது. பெருத்த ஊருக்குச் சட்டை பத்தவில்லை. தெருவுக்குத் தெரு குழாய் போட்டது அவள்தான், அதனால் பைப்பக்கா. குழாய் வந்தபோது பேர் வந்தது, பதவி போனபோது பேரும் கூடவே இறங்கிப் போனது. இன்றைக்கு நகராட்சி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. ஒரு கல்வெட்டு கிடையாது. அதற்குக் காரணம் யாருடைய சதியும் இல்லை, அவளுடைய வேலை முறைதான்.

எதைக் கேட்டாலும் மேலிடம் 'முடியாது' என்று எழுதும் காலம் அது. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேப்பரில் ஒன்று, கடப்பாரையில் ஒன்று. பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுமதி இல்லையா, சாமான் கிடங்கு என்று எழுது, ஆஸ்பத்திரியைக் கட்டு. பூங்கா கூடாதா, லாரி நிறுத்துமிடம் என்று எழுது, மரத்தை நடு. சாமான் கிடங்குக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

வடிகாலும் அப்படித்தான். பழைய வடிகாலைக் கைவிட்டுவிட்டு, ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து ஊரைச் சுற்றிப் புதுக் கால்வாய் வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கிழக்கே முந்நூறு குடிசைகள் இருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள், தெருக்கூட்டுகிறவர்கள், ஆலைக்குப் போகிறவர்கள். அவர்களைக் கிளப்பினால்தான் கால்வாய். பைப்பக்கா கிளப்பவில்லை. பதினோரு பேர் கவுன்சிலில் ஆறு பேரையும் ஒரு ஓவர்சியரையும் கூட்டு சேர்த்துக்கொண்டு, பழைய வடிகாலையே இரண்டு மடங்கு அகலப்படுத்தி, மேலே கற்பலகை பாவி, தார் போட்டு, தெருவாக்கிவிட்டாள். பேப்பரில் மட்டும் 'பழைய வடிகால் கைவிடப்பட்டது, கிழக்குக் கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது' என்று தீர்மானம். கீழே அவள் கையெழுத்து.

பார்வையிட வந்த அதிகாரிக்காக ஏரிக்கரையில் இருநூறு அடிக்குப் பள்ளம் தோண்டி, டேங்கர் தண்ணீர் விட்டு வைத்திருந்தார்கள். அவர் வெயிலில் இரண்டு நிமிஷம் நின்று, "நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். தண்ணீர் ஓடவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் உண்டு. ஒரு முழுக் கால்வாயை வெறும் காகிதத்தில் ஓடவிட்டது அவள் ஒருத்திதான். ஏழு பேர் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த ஏழு பேரும் இப்போது இல்லை.

போன மாதம் கடைவீதியில் தோண்ட ஆரம்பித்ததுமே அவள் போய்ச் சண்டை போட்டாள். "அதத் தொடாதீங்க" என்று மட்டும்தான் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. வடிகால் உயிரோடு இருக்கிறது என்றால் கால்வாய் இல்லை என்று ஆகும். கால்வாய் இல்லை என்றால், மேப்பில் அது ஓடுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பார்கள். கிழக்குக் காலனி இருக்கிறது. நீர்வழியை ஆக்கிரமித்த வீடுகள் என்று ஒரு நோட்டீஸ் போதும், மறுவாரம் புல்டோசர்.

பேசினால் காலனி போகும். பேசாவிட்டால் ஊர் போகும். இருதலைக் கொள்ளிக்கு நடுவில் மாட்டிய எறும்பாவது யாரோ வைத்த நெருப்பில் மாட்டியது. இரண்டு பக்கமும் தன் கையாலேயே கொளுத்திவிட்டு நடுவில் உட்கார்ந்தவள் இவள்.

அன்றைக்கு வெயிலில் மயங்கி விழுந்தவளைப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மகன் டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். வேலையில்லாதவளுக்குக் கிழமை எதற்கு? வியாழன் என்றாள், அது செவ்வாய். மறதி ஆரம்பித்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊரின் எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய் என்று அவர் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டினார்கள். மருமகள் கெட்டவள் இல்லை. "அத்தை, கோவிச்சுக்காதீங்க, நீங்க எங்கயாவது விழுந்து கிடந்தா ஊர் எங்களத்தான் சொல்லும்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினாள்.

பைப்பக்கா நகராட்சிக்குப் போன் போட்டாள். பழைய சேர்மன் பேசுகிறேன் என்றதும் எந்த அப்பார்ட்மெண்ட் சேர்மன் என்று கேட்டார்கள். விளக்கினாள். லைனில் இருக்கச் சொன்னார்கள். இருபது நிமிஷம் இருந்தாள். பிறகு வேறொருவர் வந்து, எந்த அப்பார்ட்மெண்ட் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். மகனுக்குப் போட்டாள், எடுக்கவில்லை.

மணி பன்னிரண்டு.

அவள் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தாள். முக்கால் அங்குலக் குழாய், அதற்கு மேலே ஒரு நட்டு. இழுப்பறையில் இடுக்கி இருந்தது. எழுபத்தொன்பது வயது முழங்கால் தரையில் உட்கார மறுத்தது, அதட்டி உட்கார வைத்தாள். நாலு திருகு. ஐந்தாவது திருகில் தண்ணீர் பீச்சியடித்து அவள் கண்ணாடியைக் கழற்றி எறிந்தது. தரையில் இருந்த போக்குத் துளையைத் துணி சுருட்டி அடைத்தாள். தண்ணீர் கூடத்துக்கு வந்தது, சோபாவைச் சுற்றியது, வாசல் கதவின் அடியில் புகுந்து நடைபாதைக்குப் போனது. நடைபாதையின் சரிவு லிஃப்ட் பக்கம் என்பதை அவள் குடிவந்த அன்றே கவனித்திருந்தாள்.

ஆள் செத்தால்கூட மெதுவாக வரும் குடியிருப்போர் சங்கம், லிஃப்டுக்குள் தண்ணீர் போகிறது என்றதும் ஓடி வந்தது. செயலாளரிடம் எல்லா வீட்டுக்கும் மாற்றுச் சாவி உண்டு. கதவு திறந்தது. செயலாளர், காவலாளி, பின்னாலேயே பையோடு ஒரு பிளம்பர். செயலாளர் சத்தம் போட்டபடி மகனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். பிளம்பர் தொட்டிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, இது தானா கழண்டதில்ல. நீங்களா கழட்டினீங்க?"

"ஆமா."

"நல்லாத்தான் கழட்டியிருக்கீங்க. வாஷர்கூடக் கிழியல."

"தம்பி, உன் வண்டி கீழதானே நிக்குது? மாட்டிட்டு என்னக் கடைவீதியில இறக்கி விட்டுடு. ஊருக்குப் புண்ணியமாப் போகும்."

பிளம்பருக்கு நாற்பது வயதிருக்கும். செயலாளரைப் பார்த்தார், பூட்டுத் தொங்கிய கதவைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். மாடிப்படி துடைக்க ஆள் தேடிச் செயலாளர் போன நேரத்தில் பைப்பக்கா உலர்ந்த உடை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிளம்பர் பின்னாலேயே படியிறங்கினாள். ஆறு மாடி. லிஃப்டை அவளே கெடுத்து வைத்திருந்தாள்.

போகிற வழியில் பிளம்பர் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினார். எந்தப் பக்கம் வீடு என்று கேட்டாள். கிழக்குக் காலனி, மூன்றாவது சந்து என்றார். அப்பா காலத்திலிருந்து அங்கேதானாம்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. வீட்டுக்குப் பத்திரம்தான் இல்ல. எங்கப்பா கேட்டுக் கேட்டே போய்ச் சேந்துட்டாரு. நான் பத்து வருஷமா நடக்கறேன். மேப்புல அது கால்வாயாம். எங்க வீட்டு நடுக்கூடத்துல கால்வாய் ஓடுதுன்னு சொல்றாங்க. நான் பிளம்பர்மா, என் வீட்டுல தண்ணி ஓடினா எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த முந்நூறு குடும்பத்தைக் காப்பாற்றிய பெருமையை ஒரு நாற்பது வருஷம் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறாள். காப்பாற்றிய அதே காகிதம் அவர்களை இத்தனை வருஷமும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது என்று நினைத்திருந்தாள். அது கொடியாகப் படர்ந்து கழுத்தைச் சுற்றும் என்று யார் கண்டது?

கடைவீதியைத் தகரத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே தகரக் கொட்டகை அலுவலகம். பெரிய இன்ஜினியர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றான் காவலுக்கு இருந்தவன். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே தரையில் மூன்று இடத்தில் கற்பலகையைப் பெயர்த்து, இரும்புக் குழாய்களை உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள், நோயாளி வாயில் வைத்தது மாதிரி. ஒன்றரை. இரண்டு. இரண்டரை. எழுந்து உள்ளே நடந்துவிடலாம் என்று இரண்டு தரம் பார்த்தாள். இரண்டு தரமும் காவலாளி, "உக்காரும்மா" என்றான். மூன்றாவது தரம் 'மா' இல்லை.

இன்ஜினியர் வந்தபோது மணி இரண்டே முக்கால். ஐம்பது வயது, மரியாதையானவர், அவசரக்காரர். யாரோ வயதானவர் கழிவுநீர்ப் புகாரோடு வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவள் யார் என்று சொன்னதும் கோப்பைப் புரட்டி அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துப் பார்த்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"என்னோடதுதான். கையெழுத்து நிஜம். மேல இருக்கறது பொய்."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலனிப் பேச்சை எடுக்காமல் சொல்ல எவ்வளவோ பார்த்தாள். வடிகால் வேலை செய்கிறது, அதை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான் என்றாள். ஆனால் இன்ஜினியர் மூளை இல்லாதவர் இல்லை. சுவரில் இருந்த வரைபடத்துக்கு எழுந்து போனார். ஏரியிலிருந்து கிழக்கே வளைந்து ஆற்றில் சேரும் நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"அப்ப இது?"

"அது இல்ல."

"இந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

அவர் கணினியில் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கினார். திரையில் கூரைகள் வந்தன. தகரம், ஓடு, மொட்டைமாடி, ஒரு பள்ளிக்கூட மைதானம்.

"நன்றிம்மா" என்றார், உண்மையாகவே. "பெரிய தப்பு நடக்க இருந்துச்சு. இன்னைக்கு ஊத்தறத நிறுத்திடறேன். ஆனா கட்டடம் வந்தே ஆகணும், மேல இருந்து நெருக்கறாங்க. மழைக்கு அஞ்சு வாரம் இருக்கு. ஆக்கிரமிப்பை எடுத்துட்டு, கால்வாயை இருக்க வேண்டிய இடத்துல வெட்டிட வேண்டியதுதான்."

கை போனுக்குப் போனது. கமிஷனரின் எண்ணாக இருக்கும்.

ஆப்பைப் பிடுங்கிய குரங்கு மாதிரி, தானே வந்து தானே பிடுங்கி, முந்நூறு வீட்டின் வாலை உள்ளே விட்டாயிற்று. அதைப் பார்க்கக்கூடாது என்று பைப்பக்கா எதிர்ச்சுவருக்குக் கண்ணைத் திருப்பினாள். அங்கே ஒரு வெள்ளைப் பலகை. 'மழைக்கு முந்தைய பணிகள்' என்று தலைப்பு. அதில் மூன்றாவது வரி, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியோடு: கிழக்குக் கால்வாய் தூர்வாருதல். நூறு சதவீதம். முடிந்தது.

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் படித்தாள்.

"சார், ஒரு நிமிஷம். இந்தக் கால்வாயத் தூர் வாரினது யாரு?"

இன்ஜினியரின் விரல் போன் மேலேயே நின்றது.

"மூணு மாசம் முன்னாடி முடிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. ஆழம், அகலம், எத்தன லோடு சேறு எடுத்தாங்க, எல்லாம் பாத்து யாராவது கையெழுத்துப் போட்டிருப்பாங்கல்ல?"

அவர் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

கையெழுத்து அவருடையது. அவருக்கு முன்னால் இருந்தவர், அவருக்கும் முன்னால் இருந்தவர், முப்பத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் ஒருவர் தவறாமல், இல்லாத கால்வாயில் இல்லாத சேற்றை அள்ளி, தண்ணீர் தடையில்லாமல் ஓடுகிறது என்று சான்று கொடுத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. போன வருஷத்துத் தாளைப் பார்த்து இந்த வருஷத்துத் தாளை எழுதுவதுதான் அங்கே வேலை முறை. அவள் சொன்ன ஒரு பொய்யை அவர்கள் கண்ணும் கருத்துமாக வளர்த்திருந்தார்கள்.

"வீடுங்க கால்வாய் மேல இருக்குன்னு நீங்க எழுதினா," என்றாள் பைப்பக்கா, "மூணு மாசம் முன்னாடி வீட்டுக்குள்ள பூந்து தூர் வாரினீங்களான்னு கேப்பாங்க."

ஒரே பொறியில் இப்போது இரண்டு எலி. வெளியே கனரக வண்டியின் பின்னோக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. மணி மூன்று இருபது. லாரி முன்கூட்டியே வந்துவிட்டது.

இன்ஜினியர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் மாறியிருந்தது. இப்படிச் செய்யலாம் என்றார். கலவையை ஊற்ற வேண்டாம். மூன்று குழாயிலும் ஒவ்வொரு வாளி ஊற்றி மேலே பூசிவிடலாம். ஊற்றி நிரப்பியாயிற்று என்று கோப்பில் எழுதிவிடலாம். கட்டடத்தின் தூண்களைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியும். வடிகால் பிழைக்கும், காலனி பிழைக்கும், அவரும் பிழைப்பார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

பேப்பரில் ஒன்று, கடப்பாரையில் ஒன்று. அவளுடைய வித்தையையே அவளுக்குத் திருப்பிக் காட்டினார். எவ்வளவு அழகாக இருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள். நடுக்கூடத்தில் கால்வாய் ஓடுகிறது என்று சிரித்த பிளம்பரின் முதுகு ஞாபகம் வந்தது.

"நீங்க இந்த ஊர்ல இன்னும் எத்தன நாள் இருப்பீங்க?"

"அடுத்த வருஷம் மாறுதல் வரும்."

"நானும் அவ்வளவுதான் இருப்பேன். அப்புறம் வர்றவர் உங்க பேப்பரத்தான் படிப்பார். என் பேப்பரப் படிச்சுட்டு நீங்க வந்து நிக்கறீங்க பாருங்க, அந்த மாதிரி. வேணாம் சார். மேப்புல அந்தக் கோடு அழியணும். அங்க வீடுன்னு இருக்கணும். இங்க வடிகால்னு இருக்கணும்."

"கோட்ட அழிச்சா நான் எங்க தூர் வாரினேன்?"

"அதுக்கு ஒரு வழி கண்டுபிடிங்க. படிச்சவர்தானே."

இன்ஜினியர் பத்து நிமிஷம் பேனாவைக் கடித்தார். வெளியே இரண்டாவது லாரி வந்தது. யாரோ கதவைத் தட்டி, கலவை இறுகிவிடும், ஊற்றலாமா என்று கேட்டார்கள். பொறு என்றார். பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வந்ததுமே சங்கடமாக மாறியது. அவளை நேராகப் பார்க்காமல் சொன்னார்.

வழி ஒன்று உண்டு. கிழக்குக் கால்வாய் என்று பதிவேட்டில் இருப்பதும் கடைவீதி வடிகாலும் ஒன்றே. ஆரம்பத்தில் இடத்தை மட்டும் தவறாகக் குறித்துவிட்டார்கள் என்று திருத்தம் போடலாம். அப்படியானால் இத்தனை வருஷம் தூர் வாரியதும் இங்கேதான் என்று ஆகும். கிழக்கே இருக்கும் கோடு எழுத்துப் பிழையாகிவிடும், அழித்துவிடலாம். ஆனால் பிழை என்றால் அது யாருடைய பிழை என்று கோப்பில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருப்பது ஒருவர்தான்.

"எழுதுங்க" என்றாள்.

அவர் கணினியில் அடித்து, அச்செடுத்து நீட்டினார். அப்போதைய தலைவராகிய நான் போதிய கல்வியோ பொறியியல் அறிவோ இல்லாத காரணத்தால், கடைவீதிக்கும் ஏரியின் கிழக்குக் கரைக்கும் வேறுபாடு அறியாமல், கால்வாய் வெட்டப்பட்ட இடம் எது என்றே தெரியாமல், படித்துப் பாராமல் தீர்மானத்தில் கையெழுத்திட்டேன்.

அவள் தாளை மேசை மேல் வைத்தாள். இந்த ஊரில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் எந்தக் குழாய் எந்தத் திசையில் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"கொஞ்சம் குறைச்சு எழுதக் கூடாதா? கவனக்குறைவுன்னு?"

"கவனக்குறைவுன்னா ஏன்னு கேப்பாங்கம்மா. தெரிஞ்சே செஞ்சதுன்னா விசாரணை. விசாரணை வந்தா நேரா காலனிக்குத்தான் போவாங்க." அவர் தயங்கினார். "முட்டாள்தனத்துக்கு மட்டும்தான் விசாரணை கிடையாது."

அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. ஆனால் அவள் அரசியலில் இருந்தவள். முதலில் வரைபடத் திருத்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். முதலில் நீங்கள் என்றார் அவர். வெளியே லாரி ஹார்ன் அடித்தது. மூன்று ஐம்பத்திரண்டு. இருவரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவர்தான் குனிந்தார். கிழக்குக் காலனி, குடியிருப்பு. கடைவீதி, செயல்படும் வடிகால். கையெழுத்து, முத்திரை, தேதி. அது கணினி வழியாகக் கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, பதிவு எண் திரும்பி வருகிற வரைக்கும் அவள் பேனா மூடியைத் திறக்கவில்லை. எண் வந்ததும் அதை உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, தன் பெயரைத் தெளிவாக, எழுத்துக்கூட்டி, போதிய கல்வி இல்லாதவள் எழுதுவது போலவே எழுதினாள்.

இன்ஜினியர் வெளியே போய்க் கையை வீசினார். லாரிகள் முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்தன.

மகன் வந்தபோது நாலரை. செயலாளர் போன் செய்து, கடைவீதி என்று பிளம்பர் சொன்னதை வைத்துத் தேடிக்கொண்டு வந்திருந்தான். வேர்த்து, வெளிறி, அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க. அம்மாவைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது. இன்ஜினியரிடம் கைகூப்பினான்.

"மன்னிச்சுடுங்க சார். கொஞ்ச நாளா இவங்களுக்கு..."

"இல்லல்ல, ஒரு தொந்தரவும் இல்ல. பழைய தப்பு ஒண்ணு மனசுல உறுத்திட்டு இருந்திருக்கு. வந்து எழுதிக் கொடுத்துட்டாங்க." நகல் ஒன்றை அவனிடம் நீட்டினார். கோப்பு முறைப்படி ஒரு நகல் குடும்பத்துக்கு.

மகன் அதை நின்றபடியே படித்தான். ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து ஆரம்பித்தான். இரண்டாம் வகுப்பில் எவனோ ஒரு பையன் இவளைக் குழாயடிக்காரி என்று சொன்னதற்காக அவன் பல்லை உடைத்துவிட்டு வந்தவன் இவன். 'எங்கம்மாதான் இந்த ஊரையே கட்டினாங்க' என்று தலைமையாசிரியரிடமே சொன்னவன். பைப்பக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் தன் உள்ளங்கையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைக்கும் சத்தம் கேட்டது.

காரில் ஏற்றி, பெல்ட்டை அவனே மாட்டிவிட்டான். தடுப்பு எடுத்ததும் மாற்றுப் பாதையில் போன வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் கடைவீதிக்குள் திரும்பியிருந்தது. இருபது அடி போவதற்குள் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் பஸ், பின்னால் லாரி, இருபுறமும் இரு சக்கர வண்டிகள். கதவைத் திறக்கக்கூட இடமில்லை.

அவன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டான். "ஏம்மா, அப்பவே உனக்கு நிஜமாத் தெரியாதா? எது எங்க இருக்குன்னு?"

இருக்கைக்கு நேர் கீழே, ஒன்பதடி ஆழத்தில், பன்னிரண்டடி அகலத்தில் அது படுத்திருந்தது. கற்பலகையின் மூட்டு எந்தெந்த இடத்தில் வருகிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். இவனிடம் மட்டும் சொல்லலாம். சொன்னால் இவன் மனைவியிடம் சொல்வான். அவள் தம்பி பத்திரிகையில் இருக்கிறான்.

"தெரியாதுடா" என்றாள்.

அவன் தலையாட்டினான். ரொம்ப மெதுவாக, குழந்தைக்கு ஆட்டுவது மாதிரி ஆட்டினான். பிறகு ஹார்னை அழுத்தினான். எதுவும் நகரவில்லை.

"தெருவா இது? இவ்வளவு சந்து மாதிரி எந்தப் புத்திசாலி போட்டானோ" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துச் சலித்துக்கொண்டான்.

வடிகாலின் பக்கச்சுவர் கனம் தாங்க தெருவின் இருபுறமும் ஐந்தடியை விட்டுவிட வேண்டியிருந்தது, அதனால்தான் சந்து. பைப்பக்கா கண்ணாடி வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு, பஸ் நகரும் வரைக்கும் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.